கத்திரி வெயிலில் பரங்கிமலை

தரமணியில் ஆறு வருடம் குடியிருந்த பிறகுதான் பரங்கிமலையில் ஏறினேன். அதுவரை அது எனக்கு ஒரு ரயில் நிலையத்தின் பெயர். பஸ்ஸில் கண்டக்டர் ‘மவுண்ட், மவுண்ட்’ என்று கூவும் நிறுத்தம். மலைக்குப் போக ஆசை வந்தால் ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் டிக்கெட் தேடுவேன். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் மேற்கே ஒரு சின்னக் குன்று கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. உயரம் சுமார் 300 அடி. வீட்டிலிருந்து சாலை வழியே ஏழெட்டு கிலோமீட்டர். கேமரா கற்றுக்கொள்ள ஒருவருக்கு எவ்வளவு மலை வேண்டுமோ அவ்வளவும் அதில் இருக்கிறது என்பது இன்று என் உறுதியான எண்ணம்.

இந்த மலைக்குத் தனியாக, கேமராவோடு, கோடையில் எப்படிப் போய்வருவது என்பதை இந்த அத்தியாயம் சொல்லும். கோடையில் என்று அழுத்திச் சொல்கிறேன். ‘வெயில் தணியட்டும், மார்கழியில் போகலாம்’ என்று பலர் தள்ளிப் போடுவார்கள். நானும் முதலில் டிசம்பரில்தான் போனேன். மலையின் வடக்கு அடிவாரத்தில் நான்கு வளைவுகள் கொண்ட பழைய வாயில் ஒன்று உண்டு. அதன் முன்னால் அரைமணி நேரம் நின்று எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூசியது போல் இருந்தன. தினமும் படியேறி இறங்கும் ஒரு பெரியவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, இது வடக்கு பாத்த வாசல். மார்கழியில இதுக்கு வெயிலே கிடையாது. சித்திரை வைகாசியில காலைல வாங்க, அப்பதான் இது மொகம் தெரியும்” என்றார்.

அவர் சொன்னதை வானியலும் அப்படியே சொல்கிறது. சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும். நட்டு வைத்த கம்புக்கு அன்று நிழல் இருக்காது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சியைக் கடக்கும் வரை, நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. உதயமும் வடக்கே ஒதுங்கிவிடும். மே நடுவில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 19 டிகிரி வடக்கே சூரியன் எழுகிறது. டிசம்பரில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும் வடமுகத்தின் மேல், மே மாதத்தில் காலை ஆறு மணிக்கே சாய்வெயில் படிகிறது. வளைவுகளின் விளிம்பு, காரை பெயர்ந்த இடம், படிகளின் தேய்மானம் எல்லாம் அந்த வெளிச்சத்தில் மேடு பள்ளமாக எழுந்து நிற்கும். வருடத்தில் சில மாதங்கள் மட்டுமே கிடைக்கும் வெளிச்சம் இது.

எப்போது கிளம்புவது

மே நடுவில் சென்னையில் சூரியோதயம் சுமார் 5.45. அதற்குள் மலையில் இருக்க வேண்டும் என்றால் தரமணியில் ஐந்து மணிக்காவது வண்டியை எடுத்துவிடுங்கள். வேளச்சேரி, ஆதம்பாக்கம் வழியாகப் போகலாம். அந்த நேரத்தில் பறக்கும் ரயிலையும் அடுத்த பஸ்ஸையும் நம்பினால் உதயம் வழியிலேயே முடிந்துவிடும். இரு சக்கர வண்டியோ ஆட்டோவோ சரி. ஆட்டோவில் போனவர்கள் திரும்பி வரும்போது ரயிலோ பஸ்ஸோ பிடித்துக்கொள்ளலாம். பரங்கிமலையில் புறநகர் ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் இருக்கின்றன.

மேலே உள்ள மாதா கோவில் வளாகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். திறக்காவிட்டாலும் நஷ்டமில்லை, படிகளில் நின்றே கிழக்கு வானத்தைப் பார்க்க இடங்கள் உண்டு. இறங்கும் நேரம்தான் முக்கியம். எட்டரைக்கு அடிவாரத்தில் இருந்தாக வேண்டும் என்று நான் வைத்திருக்கும் விதியை இன்றுவரை தளர்த்தவில்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்னால், காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை, சென்னையின் வெக்கை சரசரவென்று ஏறும். அந்தக் காற்று தாமதித்த நாட்கள்தான் மிகக் கொடியவை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. பாறையும் சிமெண்டுப் படியும் அதைவிட அதிகமாகக் கொதிக்கும்.

வாரம் ஐந்து நாளும் ஏசி அறையில் உட்காருகிறவர்களுக்கு இன்னொரு சொல். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஏப்ரலிலேயே காலை நடையைத் தொடங்கிவிடுங்கள். தரமணியிலிருந்து திருவான்மியூர் கடற்கரை வரை நடந்தால் போதும். மே மாதத்தில் முதன்முறையாக வெயிலைப் பார்க்கும் உடம்போடு மலைக்கு வராதீர்கள்.

பையில் என்ன

தண்ணீர் ஒன்றரை லிட்டர். கிளம்புவதற்கு முன் வீட்டில் இரண்டு டம்ளர் குடித்துவிட வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஒரு சின்ன பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் கலந்த நீர்மோர் வைத்துக்கொள்வேன். பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ. ஒரு பழைய வேட்டித் துண்டு: லென்ஸ் துடைக்க, கழுத்தில் சுற்ற, உட்கார விரிக்க.

கேமரா ஒன்று, லென்ஸ் ஒன்று. கேமராவோடு வந்த 18-55 போதும். செல்போன் மட்டும் இருந்தாலும் போதும். நீண்ட ஜூம் லென்ஸை வீட்டில் வையுங்கள். கனம் ஒரு காரணம். பெரிய காரணம் கானல். வெயில் ஏறிய பிறகு நகரத்தின் மேல் உள்ள காற்று அடுக்கடுக்காகச் சூடாகி நெளியும். 300 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்துக் கட்டிடங்கள் தண்ணீருக்குள் இருப்பது போல ஆடும். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

என் முதல் கோடைப் படங்கள் முழுவதும் பனிமூட்டமாக வந்தன. இரவு முழுக்க ஏசி அறையில் கிடந்த கேமராவை அப்படியே பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். சென்னையின் ஈரக்காற்று பட்டதும் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி வியர்த்தது. உதயம் முடிந்த பிறகுதான் தெளிந்தது. அன்று முதல், மலைக்குப் போகும் முந்தைய இரவு கேமரா பையைப் பால்கனிப் பக்கத்து அறையில், மூடியபடி வைக்கிறேன். மறந்துபோனால், கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாக மூடி வெளியே எடுத்து, அரைமணி நேரம் திறக்காமல் விடுங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கம்தான் படியும். வண்டியின் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் கேமராவை வெயிலில் விட்டுப்போவது இதைவிட மோசம். பாட்டரிக்கு அது நல்லதல்ல.

படியேற்றம்

நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். நிதானமாக ஏறினால் கால்மணி நேரம். இந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடம் அது. மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட முடியாமலும் வழுக்குப் பாறையில் ஏற முடியாமலும் தவித்த யாத்ரீகர்களுக்காக, எங்கிருந்தோ வந்த ஒருவர் தன் கைப்பணத்தைச் செலவிட்டிருக்கிறார். நடந்து போகிறவர்களின் சிரமத்தை நினைத்துப் பார்த்தவர் என்ற ஒன்றுக்காகவே அவர் பெயரை இந்த நூலில் வைக்க விரும்பினேன்.

படியோரம் சிலுவைப் பாதையின் நிலைகள் வரிசையாக வருகின்றன. அவை பதினான்கு. தனியாக வருகிறவருக்கு இது நல்ல பயிற்சி: ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு படம். சிலையைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அங்கு நின்றால் தெரியும் எதையும் எடுக்கலாம்; ஒரு படியின் தேய்ந்த விளிம்பு, மெழுகு உருகி வழிந்த தடம், கீழே கூரை மேல் காயும் வடகம், மயிற்கொன்றையின் சிவப்பு. ஆனால் ஒன்றுதான். எடுத்த பிறகு திரையைப் பார்க்காமல் அடுத்த நிலைக்கு ஏறுங்கள். கூட ஆள் இருந்தால் இதைச் செய்ய முடியாது. அவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற நினைப்பு விரலை அவசரப்படுத்தும். ஒரு வளைவின் நிழல் படி மேல் நகர்வதைப் பத்து நிமிடம் நின்று பார்க்கும் உரிமை தனியாகப் போகிறவருக்குத்தான் கிடைக்கும்.

வழியில் எங்காவது பாறை வெளிப்பட்டிருந்தால் குனியுங்கள். ஊரெல்லாம் வீடு கட்டக் கொட்டிக் கிடக்கும் ‘பல்லாவரம் ஜல்லி’யின் தாய்ப்பாறை இதுதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1693இல் இறந்தபோது, அவர் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கருங்கல்லை வைத்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்குப் பின், 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து சார்னாக்கின் பெயராலேயே ‘சார்னகைட்’ என்று பெயரிட்டார். அண்டார்டிகாவில் இதே வகைப் பாறை கிடைத்தாலும் இன்று அந்தப் பெயர்தான். வயது சுமார் 250 கோடி வருடம். வெயில் மழை பட்ட மேல்தோல் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த முகத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் எண்ணெய் தடவியது போல் கருநீலமாக மின்னும். அந்த ஈரம் காய்வதற்குள், கிட்டே போய், பக்கவாட்டு வெயிலில் எடுங்கள்.

இந்தப் பாறைதான் கேமராவை ஏமாற்றவும் செய்யும். சட்டம் முழுக்கக் கருங்கல் இருந்தால், கேமரா அதை இருட்டு என்று நினைத்து வெளுக்க வைக்கும்; எக்ஸ்போஷரை ஒரு படி குறைக்க வேண்டும். மேலே கோவிலின் வெள்ளைச் சுவர் சட்டத்தை நிறைத்தால் தலைகீழ்: அதைச் சாம்பலாக்கிவிடும், ஒரு படி கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே சட்டத்தில் வந்தால் வெள்ளைச் சுவரைக் காப்பாற்றுங்கள். கருங்கல்லின் விவரத்தை வீட்டுக்கு வந்து ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன சுவர் போனது போனதுதான்.

மேலே

உச்சியில் உள்ள மாதா கோவிலைப் போர்த்துகீசியர் 1523இல் கட்டினார்கள். இயேசுவின் சீடர் தோமா இங்கே கொல்லப்பட்டார் என்பது மரபு. அவர் கல்லறை சாந்தோமில். 1547இல் இங்கு தோண்டும்போது பஹ்லவி மொழி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது; அது இன்று பீடத்தில் இருக்கிறது. உள்ளே ஜெபிக்கிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். கேமராவைப் பையில் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து வெளியே வருவதே என் வழக்கம். வளாகத்தில் குழந்தைகளைக் கண்டால் கேமராவைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

வரைபடத்தை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தபோது நான் அசந்துபோன ஒன்று உண்டு. பரங்கிமலை உச்சியிலிருந்து சாந்தோம் பேராலயம் இருக்கும் திசை, நேர்கிழக்கிலிருந்து பதினேழு பதினெட்டு டிகிரி வடக்கே. மே நடுவில் சூரியன் எழும் இடமும் அதையொட்டித்தான். தோமா இறந்ததாகச் சொல்லப்படும் மலையில் நின்றால், அவர் கல்லறை உள்ள கரையின் பக்கமிருந்து சூரியன் வருகிறது. அதற்கு வலது பக்கம் கிண்டி தேசியப் பூங்காவும் ஐஐடி வளாகமும் பச்சைத் திட்டாகக் கிடக்கும். சரக்கொன்றை பூத்திருந்தால் அந்தப் பச்சையில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். அதற்கும் அப்பால், கிழக்கும் தென்கிழக்குமாக, நம் தரமணி. மே மாதத்து ஈரக்காற்றில் உதயச் சூரியன் மங்கிய செம்பு வட்டாகத்தான் வரும். வியூஃபைண்டர் வழியே அதை நேராகப் பார்க்கவே கூடாது; கண் கெடும்.

நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை ஒன்றும் மேலே இருக்கிறது. பலர் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி, 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடிவாரச் சமவெளியில் அவர் தலைமையில் தொடங்கியது. பரங்கிமலைப் பக்கமிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோடு. நூறடி நீள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள், அதுவும் ஏப்ரல், மே வெயிலில். சூட்டில் எஃகு நீளும். அந்த நீட்சி முழுக் கணக்கையும் கெடுத்துவிடும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் நிழலாக வைத்து, கூடவே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் டிகிரியைக் குறித்துக்கொண்டார் லாம்ப்டன். வெயிலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேலை செய்த மனிதர். நான் அவர் சிலை அருகே நிற்கும் ஒவ்வொரு முறையும் கேமரா நோட்டில் நேரத்தையும் திசையையும் எழுதுகிறேன்; அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. கானலின் தொந்தரவும் அந்தப் பணிக்கு இருந்தது. பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், காற்று அடங்கும் இரவில் விளக்குகளை ஏற்றி வைத்துத் தூரத்தை நோக்கினார். தொலைவுக் காட்சி வேண்டுமானால் உதயத்தை ஒட்டிய அரைமணி நேரத்தில் எடுத்து முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் அதே காற்றுதான்.

தென்மேற்கே பார்த்தால் பல்லாவரம் குன்றுகள். 1863 மே 30 அன்று, இதே கோடையில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளம் ஒன்றில் கற்கோடாரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. சரளைக் குவியலில் ஒரு கல் மட்டும் கையால் செதுக்கப்பட்டது என்று அடையாளம் காண எவ்வளவு நேரம் குனிந்து பார்த்திருக்க வேண்டும்!

அந்தத் திசையில் கேமராவைத் திருப்பும்போது கவனம் தேவை. கீழே விமான நிலையம். சுற்றிலும் ராணுவப் பகுதிகள், அதிகாரிகள் பயிற்சி மையம். விமானங்கள் மிக அருகில் கடக்கும், ஆசையாக இருக்கும். ஓடுபாதையையோ ராணுவ வளாகங்களையோ ஜூம் செய்யாதீர்கள். ‘படம் எடுக்கக் கூடாது’ என்ற பலகை இருந்தால் அதோடு நிறுத்துங்கள். ட்ரோன் அறவே வேண்டாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவரிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எந்த வழியாக ஏறுகிறேன், எத்தனை மணிக்கு இறங்குவேன், எத்தனை மணிக்குப் பிறகும் போன் வராவிட்டால் தேட வேண்டும். மேலே போனதும் ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி. போனை கேமராவாகப் பயன்படுத்துகிறவர்கள் பாட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். தனியாக வரும் பெண்கள் முதல்முறை ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுக்கலாம். பூசைக்கு வருகிறவர்களும் நடைப்பயிற்சிக்காரர்களுமாகப் படிகளில் ஆள் நடமாட்டம் இருக்கும். படிகளையும் சாலையையும் விட்டு முட்புதருக்குள் இறங்க வேண்டாம்.

தலை கனத்தால், குமட்டினால், கொளுத்தும் வெயிலில் உடம்பு சிலிர்த்தால் அதற்கு மேல் ஒரு படியும் ஏறாதீர்கள். நிழலில் உட்கார்ந்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. பக்கத்தில் இருப்பவரிடம் தயங்காமல் சொல்லி 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். தனியாக வந்தவர்கள் அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்படுவதுதான் உண்மையான ஆபத்து.

ஒரே காலையில் இரண்டு குன்று வேண்டாம். திருநீர்மலையையும் திரிசூலத்தையும் வேறு நாளுக்கு வையுங்கள். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துப் பழைய கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீர் படத்தில் அழகாக வரும். விளிம்பு சரியும், ஆழம் தெரியாது, அந்த நீரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இந்தப் பக்கத்தில் உண்டு. தூரத்திலிருந்து பாருங்கள், இறங்காதீர்கள்.

இறங்கிய பிறகு

அடிவாரச் சாலையில் கோடை முழுக்க நுங்கு வண்டி நிற்கும். நுங்கு சீவும் கையை எடுக்க ஆசைப்பட்டால் முதலில் வாங்கிச் சாப்பிடுங்கள், பிறகு கேளுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா, “எடுத்துக்கோ தம்பி, ஆனா மொகம் வேணாம், கை மட்டும்” என்றார். கை மட்டும் எடுத்தேன். அந்த வருடம் நான் எடுத்தவற்றில் சிறந்த படம் அதுதான். அடுத்த வாரம் அச்சுப் போட்டு அவரிடம் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவின் மேல் உள்ள வியர்வை உப்பை லேசாக நனைத்த துணியால் துடைத்து, காற்றாட வைத்து, பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். படங்களை அன்றே அழிக்காதீர்கள். நிலைக்கு ஒன்றாக எடுத்த பதினான்கையும் தேதியோடு ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். நோட்டில் எழுதிய நேரத்தையும் திசையையும் அதோடு சேருங்கள்.

பத்து நாள் கழித்து இன்னொரு காலையில் அதே படியில், அதே லென்ஸோடு, அதே நேரத்தில் நின்று பாருங்கள். மே நடுவில் சாந்தோமை ஒட்டி எழுந்த சூரியன், மே கடைசி வாரத்தில் மெரினா கலங்கரை விளக்கத்தின் திசைக்கு நகர்ந்திருக்கும். ஜூன் 21 வரை இன்னும் கொஞ்சம் வடக்கே போகும். பிறகு திரும்பி, ஜூலை கடைசியில் மறுபடி சாந்தோம் பக்கம் வரும். நான்கு வளைவு வாயிலில் வெயில் விழும் இடமும் அதோடு சேர்ந்து நகரும். முதல் படத்தை எடுத்த அதே படியில் நின்று இரண்டாவது படத்தை எடுங்கள்.